பதினான்கு பேர், இரண்டு தொண்டை

"உங்க குழுவுல ரெண்டாவது உறுப்பினர். கிழவின்னு போட்டிருக்கீங்க. வயசு ஒன்பதுன்னு இருக்கு. சரிதானா?"

"சரிதான் சார்," என்றார் பொம்மைக்காரர்.

"ஒன்பது வயசுல கிழவியா?"

"வர்ற மாசம் பத்து."

தொலைபேசியில் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் இருந்தவர் கலை நிவாரண அலுவலகத்தின் எழுத்தர். மூக்கால் பேசுகிறவர்.

நோய்த்தொற்றில் அரங்குகள் மூடிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. நாடகக் குழுக்களும் பாட்டுக் குழுக்களும் கலைந்துபோகாமல் இருக்க நிவாரண நிதி கொடுக்கிறார்கள் என்று செய்தித்தாளில் வந்தது. பொம்மைக்காரர் விண்ணப்பத்தை வாங்கி வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து, தானே நிரப்பினார். நேர்மையாக நிரப்பினார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

மேடையில் தோன்றும் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று முதல் பக்கத்தில் ஒரு கேள்வி. அவர் நன்றாக யோசித்தார். இருபது வருடமாக அவரும் மனைவியும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தை ஒரு பார்வையாளரும் பார்த்ததில்லை. கைதட்டல் வந்தால் பொம்மைகளைத்தான் மேலே தூக்கிக் குனிய வைப்பார்கள். எனவே மேடையில் தோன்றுபவர்கள் பதினான்கு பேர். ராஜா, ராணி, திருடன், போலீஸ்காரர், கிழவி, குழந்தை, குதிரை, இப்படி. எல்லோருக்கும் மரத்தலை, துணி உடம்பு. குழுவின் பெயரே பதினால்வர் அரங்கம்.

ஒவ்வொருவருக்கும் வயது கேட்டிருந்தார்கள். செதுக்கிய வருடத்திலிருந்து கணக்குப் பார்த்து எழுதினார். கல்வி கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதினார். வேறு வருமானம் உண்டா? இல்லை. தங்கியிருக்கும் இடம்? பெட்டி.

எதனால் ஆனவர்கள் என்று விண்ணப்பத்தில் எங்குமே கேட்கவில்லை.

"ஒன்பது வயசுப் பிள்ளைக்குக் கிழவி வேஷம் போட்டு மேடையில ஏத்துறீங்களா?" என்றார் எழுத்தர்.

"வேஷம் இல்ல சார். அது கிழவியேதான்."

"கொஞ்சம் இருங்க. குழந்தைகள் நலப் பிரிவு மேடத்துக்குக் குடுக்கிறேன்."

காத்திருப்பு இசை ஓடியது. பிறகு ஒரு பெண் குரல் வந்தது. நிதானமான, கண்டிப்பான குரல்.

"பட்டியல்ல இன்னொண்ணும் பார்த்தேன். குழந்தை, வயது இருபத்திரண்டுன்னு இருக்கு. அந்த வயசு ஆளை ஏன் குழந்தைங்கறீங்க?"

"வளரவே இல்ல மேடம். அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

மேடத்தின் குரல் இளகியது. "அடடா. வைத்தியம் எதாவது பார்த்தீங்களா?"

"போன வருஷம் கழுத்து ரொம்ப ஆடிச்சு. தலையை மாத்திட்டேன்."

அந்தப் பக்கம் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது.

"யார் மாத்தினது?"

"நானேதான். வீட்டுல வெச்சு. அரை மணி நேர வேலை மேடம். பழைய தலையும் பத்திரமா இருக்கு."

பக்கத்து அறையில் ராணியின் பாவாடைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியோடு ஓடி வந்தாள். தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"மேடம், தலைமுடியைச் சொல்றார். வகிடு மாத்தினோம். இவருக்குப் பேச்சு கொஞ்சம் முன்னப் பின்ன வரும்."

தொலைபேசியை வைத்த பிறகு அவள் கணவனைப் பார்த்தாள். அவர் விண்ணப்பத்தின் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க. அவங்க மனுஷங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

"யாரை?"

"பெட்டியில இருக்கிறவங்களை."

அவர் நகலைக் கீழே வைத்தார். "அப்ப நாளைக்குக் கூப்பிட்டு, பொம்மைன்னு சொல்லிடறேன்."

அவள் நகலைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். பத்து உறுப்பினர்களுக்குக் குறைந்த குழுக்கள் விண்ணப்பிக்க இயலாது என்று இருந்தது.

"படிச்சேன்," என்றார். "நாமதான் பதினாலு பேர் இருக்கோமேன்னு சந்தோஷப்பட்டேன்."

"நாம ரெண்டு பேருங்க."

அவர் அதற்குமுன் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. ஒன்றாம் தேதி என்பது, அரங்கத்தைக் காலி செய்ய மனைவியின் அண்ணன், அவருடைய மச்சான், வைத்த கெடு. அரங்கம் மச்சானின் கட்டிடத்து மாடியில் இருந்தது. குறுகலான படிக்கட்டு, நாற்பது நாற்காலி, முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார இரண்டு விரிப்பு, சுவருக்குச் சுவர் கறுப்புத் திரை. கீழே மச்சானின் கடை. அவர் பிளாஸ்டிக் வாளி விற்றுக்கொண்டிருந்தவர். இப்போது சானிடைசர். தொற்று வந்ததும் உலகத்தில் இரண்டு வகை ஆட்கள்தான் மிஞ்சினார்கள். வேலை இல்லாதவர்கள் ஒரு வகை. மச்சான் இன்னொரு வகை.

முந்தின நாள்தான் அளவு நாடாவோடு மேலே வந்து போயிருந்தார்.

"ஒண்ணாந்தேதி ஐநூறு கேன் வருது மாப்ளே. எனக்கு இந்த ரூம் வேணும்."

"இது அரங்கம் மச்சான்."

"பார்க்க ஆள் வந்தா அரங்கம். வராட்டி மாடி ரூம். நானா சொல்லல, நீங்களே நாற்காலியைப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் தூசிதான் உட்கார்ந்திருக்கு. கவர்ன்மென்ட்டே இதை அரங்கம்னு ஒரு பேப்பர் குடுத்தா, என் கேனை ரோட்டுல வெச்சுக்கிறேன். போதுமா?"

போகிற அவசரத்தில் அளவு நாடாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் காலை மனைவி எழுத்தரைக் கூப்பிட்டாள். இந்த முறை கணவனைப் பேச விடுவதாக இல்லை.

"சார், கிழவி வயசு தப்பா விழுந்துடுச்சு. எழுபத்திரண்டுன்னு திருத்திக்குங்க."

"அப்படிச் சொல்லுங்கம்மா. நானும் பயந்துட்டேன். எழுபத்திரண்டு." பேனா கீறும் சத்தம். "எழுபத்திரண்டா? அறுபத்தஞ்சுக்கு மேலன்னா சுகாதாரப் பிரிவு பார்க்கணுமே. டாக்டருக்குக் குடுக்கிறேன்."

இசை. பிறகு ஓர் இருமல். டாக்டர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இருமினார்.

"அந்த வயசுக்காரங்க பத்திரமா இருக்கணும். எங்க தங்கியிருக்காங்க?"

"எங்க கூடத்தான் டாக்டர்."

"தங்கியிருக்கும் இடம்ங்கிறதுல எல்லாருக்கும் பெட்டின்னு போட்டிருக்கு. எந்தப் பக்கம் இருக்கு அந்த ஊர்?"

மனைவிக்கு உடனே ஊர் எதுவும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில் பொம்மைக்காரர் குனிந்து தொலைபேசிக்குள் பேசிவிட்டார்.

"ஊர் இல்ல டாக்டர். இரும்புப் பெட்டி. நாலடிக்கு ரெண்டடி."

"பதினாலு பேருமா?"

"அடுக்கிப் படுக்க வைப்போம். ராஜா மட்டும் எல்லாருக்கும் மேல. கிரீடம் நசுங்கிடும்."

டாக்டர் இருமினார். நீளமாக இருமினார்.

"மூடி?"

"பூட்டிடுவோம். எலித் தொல்லை."

"உடனே வெளிய எடுங்க. இப்பவே. ஆளுக்கு ஆள் மூணடி இடைவெளி இருக்கணும். நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்பேன்."

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பொம்மைக்காரர் சொன்னதைச் செய்கிற ஆள். அன்று மாலைக்குள் அரங்கின் குறுக்கே கம்பி கட்டி, மச்சானின் நாடாவால் மூன்றடி மூன்றடியாக அளந்து, பதினான்கு பேரையும் மாட்டினார். பின்னால் நின்று பார்த்தார். காற்றோட்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டபோது அவரே எடுத்தார்.

"எல்லாரையும் தொங்க விட்டாச்சு டாக்டர்."

டாக்டர் இருமவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"மூணடி இடைவெளியில. குதிரைதான் கொஞ்சம் கனம். ரெண்டு கயிறு போட வேண்டியதாப் போச்சு."

"ஏங்க," என்று மனைவி சமையலறையிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். தொலைபேசி கை மாறியது. "டாக்டர், அது உடற்பயிற்சி. கம்பியைப் பிடிச்சுத் தொங்குவோம். முதுகு நிமிரும்."

"எழுபத்திரண்டு வயசு அம்மாவுமா?"

"அவங்கதான் முதல்ல ஏறினாங்க."

இசை ஓடியது. இந்த முறை வந்தது கனமான, மெதுவான குரல். ஒவ்வொரு சொல்லையும் மேசைமேல் வைப்பதுபோல் பேசியது.

"நான் இயக்குநர்."

மனைவி நிமிர்ந்து நின்றாள். பக்கத்தில் பொம்மைக்காரர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார்.

"உங்க கோப்பு என் மேசைக்கு வந்திருக்கு. வயசு மாறுது, தலை மாறுது, பெட்டிங்கறீங்க, தொங்கறாங்கங்கறீங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கோப்பு பார்த்ததில்ல. நாளை மறுநாள் பதினோரு மணி. பதினாலு பேர்கிட்டயும் நானே பேசணும். ஆளுக்கு ரெண்டு வார்த்தை. பேசினா ஆர்டர். பேசலேன்னா கோப்பை மூடிடுவேன்."

வைத்துவிட்டார்.

"சரியாப் போச்சு," என்றார் பொம்மைக்காரர். "பொம்மைங்க எப்படிப் பேசும்?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இருபது வருஷமா எப்படிப் பேசிச்சு?"

அவருக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறியது.

"அது பொய் இல்லையா?"

"இது வரைக்கும் ஆட்டத்துல பேசினதெல்லாம் என்னங்க? பேசணும்னுதானே கேட்டிருக்கார். நேர்ல வரணும்னு கேட்கலயே."

எட்டுக் குரல் அவருடையது. ஆறு அவளுடையது. ராஜா, கிழவி, குதிரை எல்லாம் அவர். ராணி, திருடன், போலீஸ்காரர், குழந்தை அவள். ஒத்திகை பார்த்தார்கள். உடனே ஒரு சிக்கல் தெரிந்தது. கையில் பொம்மை இல்லாமல் அவருக்குக் குரல் வரவில்லை. ராஜா என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் அவர் குரலே வந்தது, அதுவும் ஜலதோஷம் பிடித்ததுபோல்.

"கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க."

"கைதான் பேசும். கண்ணை மூடி என்ன பண்ண."

"சரி, மாட்டிக்கிட்டே பேசுங்க. போன்ல தெரியவா போகுது."

குறித்த நாள் பதினோரு மணிக்கு இருவரும் அரங்கின் தரையில் உட்கார்ந்தார்கள். தொலைபேசியை ஒரு நாற்காலியில் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டார்கள். பொம்மைகள் பேசும் வரிசையில் சுற்றிலும் படுத்திருந்தன.

"எங்க பக்கம் நாங்க நாலு பேரும் இருக்கோம்," என்றது கனமான குரல்.

"வணக்கம்," என்றார் எழுத்தர், மூக்கால்.

"வணக்கம்," என்றார் மேடம், நிதானமாக.

டாக்டர் இருமினார்.

மனைவி கணவனின் காதில் கிசுகிசுத்தாள். "எவ்வளவு ஒழுங்கு பாருங்க. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் மூச்சு விடறதில்ல. நம்ம சொந்தக்காரங்க நாலு பேர் சேர்ந்தா இப்படி இருப்பாங்களா."

"முதல் உறுப்பினர்," என்றார் இயக்குநர். "ராஜா. எப்படி இருக்கீங்க?"

"யாம் நலமே. நும் நாட்டில் மழை பொழிகிறதா?"

அந்தப் பக்கம் தாள் புரண்டது. "முப்பத்தொரு வயசுன்னுதான் போட்டிருக்கு," என்றார் எழுத்தர்.

"பழைய ஆளுங்க மாதிரி பேசுறாரே. பரவாயில்ல. அடுத்து கிழவி."

மேடம் குறுக்கிடவில்லை, தன் முறை வந்ததும் பேசினார். "அம்மா, உண்மையைச் சொல்லுங்க. உங்களை யாராவது கட்டாயப்படுத்தி மேடையேத்துறாங்களா?"

பொம்மைக்காரரின் வலது கையில் கிழவி தலையை ஆட்டினாள். "கட்டாயமெல்லாம் இல்லடி கண்ணு. ஆனா இந்த மனுஷன் தூக்கினாத்தான் எழுந்திருப்பேன். இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணுமே இல்ல."

இருமல். "மருந்து எதாவது சாப்பிடுறீங்களா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை வார்னிஷ்."

மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். கிழவியை உருவிக் கீழே வைத்தாள். அவசரத்தில் அடுத்த பொம்மையைத் தன் கையில் மாட்டினாள். அது திருடன்.

"தொழில் என்ன?" என்றார் இயக்குநர்.

திருடன் இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லி வருகிறான். கை பழகியிருந்தது. "திருட்டு," என்றான்.

"வேற தொழில் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் சார் ராத்திரியெல்லாம் சுவர் ஏறிக்கிட்டு."

ஆட்டத்தில் இந்த இடத்தில் ராஜா வருவார். வந்துவிட்டார். பொம்மைக்காரருக்குத் தடுக்க நேரமில்லை. "பிடியுங்கள் அந்தக் கயவனை," என்று இடது கையிலிருந்து முழங்கினார் ராஜா.

"நீங்க பிடிங்க பார்ப்போம். கிரீடத்தைப் பிடிக்கவே உங்களுக்கு ரெண்டு கை வேணும்."

"யாரங்கே, காவலர்."

மனைவியின் மற்றொரு கையில் போலீஸ்காரர் ஏறினார். "கூப்பிட்டீங்களா மகாராஜா? சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"எப்போதும் சாப்பாடுதானா?"

"சம்பளம் குடுக்கலையே, சாப்பாடாவது ஆகட்டும்னு."

ஐந்து நிமிடம் போயிற்று. யாரும் யாரையும் பிடிக்கவில்லை. குதிரை நடுவில் கனைத்தது. குழந்தை எழுந்து அழுதது. ராணி எல்லோரையும் அடக்கினாள். பதினோரு மாதத்தில் அந்த அரங்கில் நடந்த முதல் ஆட்டம் அது. அந்தப் பக்கம் நாலு பேரில் யாரோ ஒருவர் சிரித்தார். யார் என்று தெரியவில்லை. கணவனும் மனைவியும் வியர்த்து, மூச்சு வாங்கி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினான்கு பேரும் பேசியாகிவிட்டது.

"நல்லது," என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

அப்போதுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் இரண்டு கேனோடு மச்சான் வாசலில் நின்றார்.

"என்ன மாப்ளே. நாளைக்கு ரூமைக் காலி பண்ணுங்கன்னா, ரெண்டு பேரும் தரையில உட்கார்ந்து, பொம்மையைக் கையில மாட்டிக்கிட்டு, போன்ல யாரை ஏமாத்திக்கிட்டு இருக்கீங்க?"

ராஜாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"யார் அது?" என்றார் இயக்குநர்.

"கோமாளி சார்," என்றாள் மனைவி.

"பட்டியல்ல கோமாளி இல்லையே," என்றார் எழுத்தர்.

"இன்னிக்குத்தான் சேர்ந்தார்."

"யாரைக் கோமாளிங்கற தங்கச்சி?"

"பாருங்க சார். வேஷத்துலேயே ஊறிட்டார்."

பொம்மைக்காரர் ராஜாவைக் கையிலிருந்து கழற்றினார். கழற்றித் தரையில் படுக்க வைத்தார். மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் நாற்காலியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா. நான் பேசுறேன். இது என் குரல். இங்க நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம், நானும் என் வீட்டுக்காரியும். மத்த பதினாலும் மரம், துணி. மேடையில யார் தோன்றுவாங்கன்னு கேட்டிருந்தீங்க. நாங்க தோன்றுறதில்ல. அதனால எங்களை எழுதல. பொய் சொல்லணும்னு எழுதல ஐயா. அவங்கதான் குழுன்னு எனக்குப் பழகிப்போச்சு."

முதலில் எழுத்தர். "அப்ப எண்ணிக்கை ரெண்டு."

"ஆமா சார்."

மேடம். "அந்தக் குழந்தை?"

"மரம்தான் மேடம்."

"கழுத்து?"

"இப்ப நல்லா நிக்குது."

டாக்டர் இருமினார். "அந்தம்மாவைத் தொங்க விட்டது?"

"கம்பியில டாக்டர். காத்தோட்டமா."

கடைசியில் கனமான குரல். "நாளைக்கு ஆள் அனுப்புறேன்."

வைத்துவிட்டார்கள்.

மச்சான் கேனைக் கீழே வைத்தார். ஏதோ நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. "நான் வந்ததாலயா?" என்றார்.

"இல்ல மச்சான். வராட்டியும் நானே சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பார்," என்றாள் மனைவி. "நல்லா இருந்த குடும்பத்துல இவர் ஒருத்தர் உண்மை பேசுறவரா வந்து வாய்ச்சார்."

மச்சான் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று நிறுத்தினார். கேனை எடுக்காமலே இறங்கிப் போனார்.

இருவரும் பொம்மைகளைத் துணியில் சுற்றினார்கள். ராணிக்குப் பாவாடைக் கரை பாதிதான் தைத்திருந்தது. மனைவி நூலை அறுக்காமல் ஊசியோடேயே மடித்து வைத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான். அண்ணன்கிட்ட கேன் எண்ணுற வேலை கேட்கலாம். எனக்குப் பத்து வரை எண்ண வரும். உங்களை நம்பித்தான் குடுக்க முடியாது. கேன்கூட ராஜா, ராணின்னு எழுதி வெப்பீங்க."

அவர் சிரித்தார். பெட்டியில் ராஜாவை எல்லோருக்கும் மேலே வைத்தார்.

"இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் திரையை விட்டு வெளிய வந்தீங்க," என்றாள் அவள். "எப்படி இருந்துச்சு?"

"வேர்த்துச்சு."

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கே வண்டி வந்துவிட்டது. தெருவில் ஐநூறு கேன் இறங்கின. முதல் பத்தைச் சுமந்துகொண்டு ஆட்கள் படியேறும்போது, அவர்களுக்கு இடையில் நுழைந்து ஒருவர் மேலே வந்தார். தலைக்கவசம், முகக்கவசம், தோளில் தோல் பை. கலை நிவாரண அலுவலகத்தின் தபால்காரர் என்று சொன்னார். பையிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து நீட்டிக் கையெழுத்து வாங்கினார். பிறகு உறையைக் கொடுத்தார்.

பொம்மைக்காரர் பிரிக்கவில்லை. மனைவி பிரித்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு அவரிடம் கொடுத்துவிட்டு ஒரு நாற்காலியில், தூசியைத் தட்டாமலே உட்கார்ந்தாள்.

பதினால்வர் அரங்கத்துக்கு நிவாரண நிதி வழங்கப்படுகிறது என்று இருந்தது. மேற்படி மாடி, இயங்கும் கலை அரங்கமாக அங்கீகரிக்கப்படுகிறது என்று இருந்தது. கீழே ஒரு குறிப்பு: பதினான்கு உறுப்பினர்களும் தொலைபேசியில் தனித்தனியே பேசினர். எண்ணிக்கையில் ஐயமில்லை. அதற்கும் கீழே நாலு கையெழுத்து. எழுத்தர், குழந்தைகள் நலப் பிரிவு, சுகாதாரப் பிரிவு, இயக்குநர். நாலும் நாலு மையில்.

மச்சான் வாங்கி, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு படியில் நின்ற ஆட்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"இறக்குங்கப்பா. எல்லாத்தையும் கீழ இறக்குங்க." தங்கையின் பக்கம் திரும்பினார். "இதுல கோமாளி பேரு வரலையே?"

"தற்காலிகம்னு விட்டிருப்பாங்க அண்ணா."

பொம்மைக்காரருக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. உண்மை பேசுகிறவர்களுக்கு நல்ல செய்தி எப்போதும் தாமதமாகவே உள்ளே போகும். பதிவேட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்த தபால்காரரிடம் போனார்.

"நான்தான் ரெண்டே பேர்னு சொல்லிட்டேனே. அப்புறமுமா அந்த நாலு பேரும் ஒத்துக்கிட்டாங்க?"

"ஏது நாலு பேர் சார்," என்றார் தபால்காரர். "மத்த எல்லாரையும் தொற்று டியூட்டிக்கு அனுப்பிட்டாங்க, ஒரு வருஷமா அந்த ஆபீஸ்ல எல்லாக் குரலும் எங்க எழுத்தர் ஒருத்தர்தான், மேடமாப் பேசினா மட்டும் ரெண்டு நாளைக்குத் தொண்டை கட்டிக்குதாம், நீங்க கிழவியை எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு கேட்டுக்கிட்டு வரச் சொன்னார்."